சரிபாதியும் 152 கிலோவும்

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இருபத்தாறு வருடங்களாக ஒரே ஒப்பந்தத்தின்படி நடந்து வந்தது. வேலையை என் மனைவி செய்வாள். செய்து முடித்து முந்தானையில் கையைத் துடைக்கிற நேரம் பார்த்து நான் கூடத்திலிருந்து, "சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேனே" என்பேன். இதில் யாருக்கும் குறையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கேட்டதில்லை.

இந்த ஒப்பந்தத்தில் கை வைத்தவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள். ஒருவர் கிறிஸ்டியன் டோட்ஸ்கே, இன்னொருவர் மோரிட்ஸ் ஃபியூர்ஸ்டே. இந்த ஃபியூர்ஸ்டே லேசுப்பட்ட ஆள் இல்லை. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் வென்ற ஜெர்மன் அணியில் ஆடியவர். அந்த 2008-ல் இந்திய ஹாக்கி அணி தகுதியே பெறவில்லை. 2012-ல் போய், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தது. மைதானத்தில் நம்மைப் படுத்தியது போதாதென்று, 2017-ல் ஹாம்பர்கில் உட்கார்ந்து டோட்ஸ்கேயோடு சேர்ந்து ஹைராக்ஸ் என்றொரு பந்தயத்தை உண்டாக்கினார். அது ஊர் ஊராகப் பரவி, எட்டு வருடத்தில் சென்னை நங்கநல்லூர் வந்து, என் வீட்டுக் கதவைத் தட்டியது. பந்தயம் மும்பையில்.

"ஹைராக்ஸா? ஜெராக்ஸ் எடுக்க மும்பை வரைக்கும் போகணுமா? தெருமுனையிலயே கடை இருக்கே" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு விளக்கினேன். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் ஒரு முரட்டு வேலை. பிறகு மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி ஒரு வேலை. இப்படி எட்டு ஓட்டம், எட்டு வேலை. வெயிலில் இல்லை, பெரிய கண்காட்சிக் கூடத்துக்குள். எந்த நாட்டில் நடந்தாலும் அதே எட்டு வேலை, அதே வரிசை. முதலாவது ஸ்கி எர்க் என்ற இயந்திரம். பனியில் சறுக்குகிறவர்கள் கோல் ஊன்றுவது போல இரண்டு கயிறுகளை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், 1,000 மீட்டர் ஆகும்வரை. ஃப்ரீசருக்கு வெளியே பனியைப் பார்க்காத எனக்கு அது உலக்கை குத்துவது மாதிரித்தான் இருந்தது. அடுத்து ஸ்லெட் எனும் இரும்புச் சறுக்கு வண்டியை 50 மீட்டர் தள்ளுவது: ஸ்டார்ட் ஆகாத அம்பாசிடர். அதே மாதிரி வண்டியைக் கயிறு கட்டி 50 மீட்டர் இழுப்பது: வாளி பெரிசான கிணறு. அப்புறம் குப்புற விழுந்து, எழுந்து, தவளையாய்த் தாவி, மறுபடி குப்புற விழுந்து 80 மீட்டர் போவது. பர்ப்பி என்று பெயர். இதற்கு நம் குடும்ப வாழ்க்கையில் உவமை கிடைக்கவில்லை. அங்கப்பிரதட்சிணம் செய்கிறவரைப் பாதியில் யாரோ துரத்தினால் இப்படி இருக்கலாம். பிறகு துடுப்பு இயந்திரத்தில் 1,000 மீட்டர். பிறகு இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு 200 மீட்டர் நடை. பிறகு தோளில் மணல் மூட்டையோடு, அடிக்கு ஒரு முறை பின்னங்காலின் முட்டி தரையைத் தொட, 100 மீட்டர். கடைசியாக ஒரு கனமான பந்தை உட்கார்ந்து எழுந்து சுவரில் உயரக் குறிக்கு எறிய வேண்டும், நூறு தடவை. பரணுக்குப் பாத்திரம் ஏற்றுவதுதான். என்ன, நாம் ஏற்றுகிற பாத்திரம் பரணிலேயே நிற்கும். இந்தப் பந்து ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்.

அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "மூட்டை தூக்கினா கூலி குடுப்பாங்க. நீ கூலியும் குடுத்துட்டு மூட்டையும் தூக்கப் போறியா?" என்றாள். வங்கியில் முப்பது வருடமாகக் கடன் விண்ணப்பம் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

நியாயமாக நான் இதில் வரவேண்டிய ஆளே இல்லை. இரட்டையர் பிரிவில் என் மனைவியும் மாடி வீட்டு அம்மாளும் சேர்வதாகத்தான் ஏற்பாடு. இரண்டு பேரும் ஒரு வருடமாக ஒன்றாக ஜிம்முக்குப் போகிறவர்கள். ஆனால் மாடி வீட்டம்மாளின் மகளுக்கு நியூஜெர்சியில் பிரசவத் தேதி மே மாதம் என்று வந்துவிட்டது. பந்தயமும் மே மாதம். அந்த அம்மாள் பிரசவ லேகியத்தோடு விமானம் ஏறிவிட்டார். அன்று இரவு என் மனைவி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கமான பாசத்தோடு, வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். "சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே."

"சரி, வாங்க" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

மறுநாள் விதிகளைப் படித்தவள் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினாள். பெண்கள் இரட்டையரில் தள்ள வேண்டிய வண்டி 102 கிலோ. கணவனும் மனைவியுமாகக் கலப்பு இரட்டையரில் இறங்கினால் ஆண்களின் எடைதான்: 152 கிலோ. இழுக்கும் வண்டி 78-க்குப் பதில் 103. கையில் தூக்குவது பதினாறும் பதினாறும் என்பதற்குப் பதில் இருபத்துநான்கும் இருபத்துநான்கும். மணல் மூட்டை 10 கிலோவுக்குப் பதில் 20.

"ஆக, உங்களைச் சேர்த்துக்கிட்டதுக்கு எனக்குத் தள்ளுறதுல மட்டும் அம்பது கிலோ கூடுதல்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருக்கணும்" என்று தாளை மடித்து வைத்தாள்.

இரட்டையர் என்றால் எனக்கு டென்னிஸ்தான் ஞாபகம்: பந்து அவள் பக்கம் போனால் அவள் பாடு. இங்கே அப்படியில்லை. எட்டு கிலோமீட்டரையும் இரண்டு பேருமே ஓட வேண்டும், அதுவும் சேர்ந்தே. ஒருவர் முன்னால் போய்க் காப்பி குடிக்க முடியாது. எட்டு வேலைகளை மட்டும் நம் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் செய்ய மற்றவர் நிற்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒருவரே முழுதையும் செய்தாலும் கேள்வி இல்லை. அந்தக் கடைசி விதியைப் படித்ததும்தான் எனக்குப் பந்தயத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்தது.

ஜிம்மில் கோச் ஒரு தம்பி, இருபத்துநான்கு வயது. என் மனைவியை அக்கா என்பான், என்னை அங்கிள் என்பான். அந்த உறவுமுறைப்படி நான் அவளுக்கு என்ன ஆகிறேன் என்று யோசித்தால் தலை சுற்றுவதால் விட்டுவிட்டேன். முதல் நாள் எங்கள் இரண்டு பேரையும் ஓடவிட்டுப் பார்த்தான். அவள் ஆறு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினாள். நான் ஓடிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டு, கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.

இரண்டே மாதப் பயிற்சியோடு மும்பை போனோம். கோரேகாவில் நெஸ்கோ வளாகம், 2025 மே. இந்தியாவில் இந்தப் பந்தயம் நடப்பது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகள், வயிற்றில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிவரியாக. என் வயிறு தளம் போட்ட வீடு. கணுக்காலில் நேரம் பதியும் சில்லைக் கட்டிவிட்டார்கள். பாட்டு அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு முதல் கிலோமீட்டரை நான் ஐம்பத்துமூன்று வயதை மறந்து ஓடினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது இரண்டாவது கிலோமீட்டரில் தெரிந்தது. மிச்சம் ஆறும் அதற்கான வட்டி.

ஸ்கி எர்க்கின் பக்கவாட்டில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட ஒரு நெம்புகோல் உண்டு. பத்தில் வைத்தால் ஆண்மை என்று நினைத்துப் பத்தில் வைத்தேன். அது சைக்கிள் கியர் மாதிரி; மேலே தள்ளினால் மிதிக்கக் கனம்தான் கூடும், தூரம் தானாக ஓடிவிடாது என்று பிறகுதான் தெரிந்தது. கால்வாசி தூரம் முடிவதற்குள் கை இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன.

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்பது கூடத்தின் அளவைப் பொறுத்தது. எண்ணிக்கை ஓடுகிறவர் பொறுப்பு. யாரும் கூவிச் சொல்லமாட்டார்கள். வங்கியில் நோட்டுக் கட்டை விசிறி எண்ணியவன் என்பதால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஓட்டத்தில், "இது ரெண்டாவது சுத்தா, மூணாவதா?" என்று அவளையே கேட்டேன். அவள் ஓடிக்கொண்டே விரல்கணுவைக் காட்டினாள். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று, அரச மரத்தை நூற்றெட்டுச் சுற்று என்று முப்பது வருடம் சுற்றியவளுக்கு இது ஒரு கணக்கா? பொறுப்பு அந்த இடத்திலேயே கைமாறியது. சுற்றி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாளோ என்று எனக்கொரு சந்தேகம்.

ஆனால் எங்களை உண்மையில் கவிழ்த்தது பர்ப்பி. அதுவும் ஒரே ஒரு வார்த்தையால்.

ஆளை மாற்றிக்கொள்ள ஒரு சொல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான் கோச். நாங்கள் யோசித்து 'போதும்' என்று வைத்தோம். களைத்தவர் 'போதும்' என்றால் மற்றவர் உடனே தொடர வேண்டும். நல்ல சொல், சின்னச் சொல், மூச்சு வாங்கும்போதும் சொல்ல வரும். ஆனால் நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். எங்கள் பந்தியில் ஒருவர் 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் விடு என்று அர்த்தம். 'போதும் போதும்' என்றால் இரண்டு கரண்டி. இலையை மறைத்துக் கையை விரித்து 'ஐயோ போதும்' என்றால் பாயசம் கொண்டு வா என்று அர்த்தம். இது எனக்குப் படித்து வந்ததில்லை, ரத்தத்தில் வந்தது.

பர்ப்பியில் ஓய்வெடுக்கிறவர் செய்கிறவருக்குப் பின்னால்தான் வர வேண்டும். நானும் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இருபது மீட்டரில் அவள், "போதும்" என்றாள். "பரவாயில்ல, இன்னும் கொஞ்சம்" என்றேன், மிகவும் கனிவாக. முப்பதில், "போதும்ங்க!" என்றாள். "நல்லாத்தானே பண்றே" என்றேன். அறுபதாவது மீட்டரில் அவள் தரையில் குப்புறக் கிடந்தபடியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தமிழ்நாட்டில் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மிச்ச இருபது மீட்டரை நான் விழுந்து எழுந்தேன். ஆனால் மற்ற வேலைகளில் நான் 'போதும்' என்ற ஒவ்வொரு முறையும் அவள் அந்த நொடியே இறங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் திருநெல்வேலி. அங்கே போதும் என்றால் போதும்தான் போலிருக்கிறது.

கடைசிப் பந்து. ஒவ்வொரு எறிக்கும் முன்னால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகும்படி உட்கார வேண்டும். போகாவிட்டால் நடுவர் "நோ ரெப்" என்பார். அதாவது செய்தது கணக்கில் இல்லை, மறுபடி செய். என் மனைவி இன்றும் அரிவாள்மனை முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து காய் நறுக்குகிறவள். அவளுக்கு அது ஒரு உட்காரலே இல்லை. நானோ வங்கியில் சுழல் நாற்காலி, சாப்பிட மேஜை, காலைக்கடனுக்கும் மேற்கத்தியம் என்று இருபது வருடமாகத் தொண்ணூறு டிகிரிக்குக் கீழே இறங்காதவன். நான் எறிந்த முதல் எட்டில் ஐந்து நோ ரெப். இரண்டு மூன்று பந்து குறிவரை எட்டாமலே மூக்கை நோக்கித் திரும்பியது. நூறில் எழுபத்தொன்றை அவள் எறிந்தாள். எண்ணியதும் அவள்தான், அதனால் தப்பிருக்காது.

1 மணி 58 நிமிடம். உலகின் முதல்தர வீரர்கள் இதையே துணையில்லாமல் தனி ஆளாக ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். கூட்டுக்குடும்பத்தின் பலம்.

முடிவு வந்ததும் தனித்தனியாக நேரம் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது தேவையில்லாத நாகரிகமாகப் பட்டது. அவள் அதைப் பள்ளிக்கூட ராங்க் கார்டு பார்க்கிற மாதிரி திரும்பும் விமானத்தில் படித்துக்கொண்டு வந்தாள். ஓட்டம் 62 நிமிடம். வேலைகள் 43 நிமிடம். மீதி 13 நிமிடம் ராக்ஸ்ஸோனில் போயிருந்தது. ராக்ஸ்ஸோன் என்பது ஓடுபாதைக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் போய் வருகிற வழி. அங்கே செய்ய வேண்டிய வேலை எதுவும் கிடையாது, கடக்க வேண்டியதுதான்.

"வேலையே இல்லாத எடத்துல பதிமூணு நிமிஷமா என்ன பண்ணோம்?" என்றாள். நாம் என்று அவள் சொன்னது பெருந்தன்மை. நான்தான் ஷூ லேஸ் கட்டினேன், கண்ணாடி துடைத்தேன், மூன்று இடத்தில் தண்ணீர் குடித்தேன், ஒருமுறை துண்டை மறந்துவிட்டேனென்று திரும்பிப் போனேன். வெளியூர் கிளம்பினால் காஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற வழக்கம்.

அதே ஆண்டு ஜூலையில் தில்லி. இடையில் பதினோரு வாரம். அந்தப் பதினோரு வாரத்தைப் பற்றி நான் தனியாக ஒரு சுயசரிதை எழுதலாம், ஆனால் கை தூக்க முடிந்தால்தானே.

கோச் தம்பி எங்கள் ராங்க் கார்டைப் பார்த்துவிட்டு ஒரு தத்துவம் சொன்னான். "அங்கிள், டபுள்ஸ்ல ஓட்டத்துல யாரு ஸ்லோவோ அவங்க ஸ்பீடுதான் டீம் ஸ்பீடு. அதனால ஸ்டேஷன்ல அக்கா ஜாஸ்தி பண்ணட்டும். நீங்க அந்த நேரத்துல மூச்சைப் புடிச்சு வெச்சுக்கிட்டீங்கன்னா அடுத்த கிலோமீட்டர் நல்லா ஓடுவீங்க. அக்கா அறுபத்தஞ்சு பர்சென்ட், நீங்க முப்பத்தஞ்சு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் சும்மா இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று முதல் தடவையாக ஒரு நிபுணன் சொல்கிறான். வெற்றியோடு மனைவியைப் பார்த்தேன்.

"முப்பத்தஞ்சா? வீட்டுல பண்றதுக்கு அது எவ்வளவோ மேல் தம்பி. அதையே வெச்சுக்கலாம்" என்றாள்.

ஆனால் என் ஆனந்தம் அடுத்த வாக்கியத்திலேயே குறைந்தது. எல்லா வேலையிலும் முப்பத்தைந்து இல்லையாம். பர்ப்பி, மூட்டை நடை இரண்டும் உடம்பு லேசானவர்களுக்குத் தோது, அதில் அவள். ஸ்லெட் தள்ளுவதற்கும் துடுப்புக்கும் கனமான உடம்பு நல்லது, அதில் நான். டாக்டர், மனைவி, வேட்டி விற்கிற கடைக்காரர் எல்லோரும் இருபது வருடமாகக் குறை சொல்லிவந்த என் 86 கிலோவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு உபயோகம் கண்டுபிடித்தான் அந்தப் பையன். ஸ்லெட் பாதை 12.5 மீட்டர்தான், நான்கு தடவை போனால் ஐம்பது. நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவதுதான் உயிரை வாங்குவது, நகர்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டே போவது அவ்வளவில்லை. அதனால் நடுவில் நின்று மூச்சு வாங்காதே, கையை நீட்டி விறைப்பாக வை, உடம்பைச் சாய், குட்டிக் குட்டி அடி. பாதையின் முனையில் வண்டி எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும், அங்கே ஆளை மாற்று. அம்பாசிடர் தள்ளிய தலைமுறைக்கு இதை ஒரு இருபத்துநாலு வயதுப் பையன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இந்த மாற்றும் கணக்கில்தான் சூட்சுமம் எல்லாம். மும்பையில் நாங்கள் செத்துப்போகும்வரை செய்துவிட்டு மாற்றினோம். அது தப்பு. களைப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். பர்ப்பியில் நான்கைந்து தாவல், மாற்று. பந்தில் பத்துப் பத்தாக, மாற்று. ஸ்கி எர்க்கில் இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர், மாற்று. வேகம் விழாமல் இருக்கும், மூச்சும் திரும்பும். மூட்டை மட்டும் கொஞ்சம் சாமர்த்தியம். தரையில் போடக் கூடாது, தோளிலிருந்து தோளுக்குத்தான் மாற்ற வேண்டும். இதற்கு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்துக் கூடத்தில் பழகினோம். ஒருநாள் அவள் தோளிலிருந்து என் தோளுக்கு வருகிற வழியில் தையல் பிரிந்தது. அன்றைக்குப் பொன்னி அரிசியைக் கூட்டி அள்ளியதில் நான் மட்டும் போட்ட ஸ்குவாட் நூறு இருக்கும். கணக்கில் வராது.

ஓட்டம்தான் பாதிக்கும் மேலே நேரத்தைத் தின்கிறது என்பதால் வாரத்துக்கு நான்கு நாள் காலை ஐந்து மணிக்கு ஓட்டம். நான் வேகமாக ஓடிப் பழகினால்தான் வேகம் வரும் என்று நினைத்தேன். கோச் நேர்மாறாகச் சொன்னான்: பெரும்பாலும் மெதுவாக ஓடுங்கள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், அதில்தான் இதயமும் தசையும் நீண்ட நேரத்துக்குப் பழகும். அறிவியல் சரிதான். ஆனால் இருபத்தாறு வருடத் தம்பதிகள் நாற்பது நிமிடம் என்னத்தைப் பேசுவது? முதல் கிலோமீட்டரில் கரண்ட் பில், பிள்ளையின் வேலை. இரண்டாவதில் அம்மாவின் முழங்கால். மூன்றாவதில் 2004-ல் அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் ஏன் வரவில்லை என்ற விஷயம் வந்துவிடும். அங்கிருந்து அவள் வேகம் கூடும். என் நாடித் துடிப்பும் கோச் சொன்ன எல்லையைத் தாண்டிவிடும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஜூன் மாதப் புழுக்கத்தில் ஒரு பெண்மணி கணீரென்று கேள்வி கேட்டுக்கொண்டே முன்னால் ஓட, பின்னால் ஒருவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே ஓடுவதை நீங்கள் பார்த்திருந்தால், அது இருதயப் பயிற்சி.

வாரத்தில் ஒருநாள் இன்னொரு கொடுமை. ஸ்லெட் தள்ளிய கையோடு ஓட வேண்டும். தள்ளி முடித்த கால், கால் மாதிரி இருக்காது. திண்ணைத் தூண் மாதிரி இருக்கும். அந்தத் தூணோடு ஓடப் பழகாவிட்டால் எட்டு ஓட்டத்தில் ஏழு வீண். பிறகு, ஜிம் இல்லாத நாட்களில் வீட்டிலேயே ஸ்குவாட். அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டே எண்ணுவாள். முழங்காலுக்குக் கீழே இறங்காவிட்டால் "நோ ரெப்" என்று சொல்ல வேண்டும் என்று மருமகள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுபத்தொன்பது வயதில் அம்மாவுக்கு இப்படி ஒரு அதிகாரம் கிடைத்தது. காப்பியில் சர்க்கரை குறைந்தால் நோ ரெப். வேலைக்காரப் பெண் மூலையில் பெருக்காவிட்டால் நோ ரெப். சீரியலில் வில்லி மன்னிப்புக் கேட்டாள், அதற்கும் நோ ரெப்.

'போதும்' என்ற சொல்லை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லை எதுக்கு மாத்தணும்? உங்களை மாத்துவோம்." அதிலிருந்து வீட்டில் ஒரு பயிற்சி. யார் எந்த வேலை செய்துகொண்டிருந்தாலும், 'போதும்' என்றால் மற்றவர் அந்த நொடி எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எதற்கு, ஏன், இன்னும் கொஞ்சம் என்று பேசக் கூடாது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே 'போதும்' என்பாள். நான் செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாதிப் பாத்திரத்தில் 'போதும்' என்பாள். இந்தப் பயிற்சியில் நான் ஒரு தடவைகூட 'போதும்' சொல்ல வாய்ப்பு அமையவில்லை. சொல்வதற்கு முதலில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேற விடுவார்கள். டேப்பர் என்று பெயர். அந்த வாரம் முழுக்கக் கோச் சொன்னபடி அப்படியே செய்தேன்; என் அளவுக்கு டேப்பரைச் சிறப்பாகச் செய்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். பந்தயத்தன்று காலை, மூன்று மணி நேரம் முன்னால் ஆறு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, காரம் இல்லை, சாம்பார் இல்லை. நார் குறைவு, சீக்கிரம் செரிக்கும், மாவுச்சத்து நிறைய. வெளிநாட்டில் இதற்கென்று பாக்கெட்டில் விற்கிறார்களாம். தில்லியில் இட்லி எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். மிளகாய்ப்பொடி இல்லாத இட்லியை என் மனைவி நங்கநல்லூரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தில்லிப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் எதுவும் தப்பாகவில்லை. முதல் கிலோமீட்டரில் அவள் என் பனியனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடினாள், நான் வேகமெடுக்காமலிருக்க. ஸ்கி எர்க் நெம்புகோலை நான் தொடவே இல்லை. ஸ்லெட்டில் நான்கு பாதையில் மூன்று நான். பக்கத்துப் பாதையில் தள்ளிய ஒரு கட்டுமஸ்தான பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், அதை நான் மறக்கப் போவதில்லை. பர்ப்பியில் 'போதும்' என்ற சொல்லின் 'தும்' வருவதற்கு முன்னாலேயே நான் தரையில் விழுந்திருந்தேன். ராக்ஸ்ஸோனில் லேஸ், கண்ணாடி, துண்டு எதுவும் இல்லை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள், பால்வாடிக் குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் மாட்டுகிற மாதிரி. பந்தில் முப்பத்தெட்டு என்னுடையது. அதில் நோ ரெப் இரண்டு.

1 மணி 41 நிமிடம். ஓட்டம் 57, வேலைகள் 37, ராக்ஸ்ஸோன் 7. பதினேழு நிமிடம் குறைந்ததில் ஆறு நிமிடம் நான் கண்ணாடி துடைக்காததால் வந்தது. வங்கியில் இதைச் செலவுக் கட்டுப்பாடு என்போம். நான் அவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அதையும் சேர்த்து முப்பத்தஞ்சு பர்சென்ட்" என்றாள்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து ராத்திரி. அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு நாலாவது தோசை, வெங்காயச் சட்னி, டிவியில் கிரிக்கெட். அடுப்படியிலிருந்து, சத்தமில்லாமல், சாதாரணமாக ஒரு குரல் வந்தது.

"போதும்."

நான் முடிவெடுக்கவில்லை. கால் எழுந்துவிட்டது. எச்சில் கையைக் கழுவினது எப்போது என்று எனக்கே தெரியாது. அடுப்பு முன்னால் நிற்கிறேன், தோசைத் திருப்பி என் கையில் இருக்கிறது. அவள் என் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள்.

மாவை ஊற்றினேன். கல் அதிகம் காய்ந்திருந்தது போலிருக்கிறது. ஒரு பக்கம் ஆப்பிரிக்கா, ஒரு பக்கம் இலங்கை என்று இரண்டு துண்டாக வந்தது. ஓரளவு ஒட்டி எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் தட்டில் வைத்தேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள்.

"நோ ரெப்" என்றாள்.